பன்னிரண்டு வாளித் தொட்டி

கேப்டன் கப்பலில் வேலை பார்த்தவர் அல்ல. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பிரிவு மேலாளராக இருந்து, நாற்காலி தேய்ந்தாலும் தான் தேயாமல் ஓய்வு பெற்றவர். வீட்டு வண்டி வாங்கியபோது விற்பனைக்காரன் ஒரு வெள்ளைத் தொப்பியை இலவசமாகக் கொடுத்தான். அதைத் தலையில் வைத்த நாளிலிருந்து வீட்டு வண்டிகள் தங்கும் முகாமில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

மனைவியை எல்லாரும் டீச்சர் என்பார்கள், கேப்டன் உட்பட. கணக்கு டீச்சர். வண்டியை ஓட்டுவதும் அவர்தான். கேப்டன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வார்; டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டே வழிப்பலகையைப் பார்த்து ஓட்டுவார்.

வண்டிக்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, சின்னதாக ஒரு குளியலறையும் கழிப்பறையும் உண்டு. வண்டியின் வயிற்றில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. ஒன்று குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு. மூன்றாவது தொட்டியைப் பற்றி விற்பனைக்காரன் குரலைத் தாழ்த்தி ஒரே மூச்சில் சொல்லிமுடித்து, உடனே மெத்தையின் மென்மைக்குப் போய்விட்டான். கேப்டனும் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்றாவது தொட்டி சனிக்கிழமை காலையில் வேலைநிறுத்தம் செய்தது.

"டீச்சர், கொஞ்சம் வந்து பாரேன்" என்று கழிப்பறைக்குள்ளிருந்து கேப்டன் கூப்பிட்டார். வழக்கமான சொற்பொழிவுக் குரல் இல்லை. தப்புச் செய்தவனின் குரல். டீச்சர் எட்டிப் பார்த்தார். மிதியை அழுத்தினால் கீழே மூடி திறந்தது. ஆனால் எதுவும் கீழே போகவில்லை. தொட்டி கழுத்துவரை நிரம்பி நின்றது.

"தொட்டி மீட்டர் என்ன சொல்லுது?"

"முழுசுன்னு சொல்லுது. அது எப்பவும் முழுசுன்னுதானே சொல்லும்!"

டீச்சர் சோப்பை எடுத்துக்கொண்டு கைகழுவப் போனார். திரும்பி வருவதற்குள் கேப்டன் தனக்குத் தெரிந்த ஒரே பழுதுபார்ப்பைச் செய்துமுடித்திருந்தார். அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் காரை எடுத்துக்கிட்டு அண்ணனே வர்றாராம். தொட்டி செத்துப்போச்சுன்னு சொன்னேன். 'வண்டியை வித்துத் தள்ளிட்டு வந்து சேருங்க, பின்னறையைக் காலி பண்ணி வைக்கறேன்'னு சொல்லிட்டார். பெரிய மனசு, டீச்சர், அண்ணனுக்கு."

பின்னறை என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சரின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

கல்யாணமான புதிதில் பல வருஷம் அவர்கள் குடித்தனம் செய்தது அந்த அறையில்தான். அறை என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். உண்மையில் அது கழிப்பறைக்குப் போகும் வழி. வீட்டில் யாருக்கு எப்போது முட்டினாலும், புதுமணத் தம்பதியின் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், வர வேண்டும். மாமனார் இருமிக்கொண்டு போவார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு போவாள், கட்டிலில் இடித்துக்கொள்வாள். கேப்டனின் அண்ணனான மூத்த அத்தான் மட்டும் தினமும் காலையில் நடுவில் நின்று, "என்னம்மா, இன்னும் எழுந்திருக்கலையா?" என்று ஒரு அதிகாரியின் பரிவோடு விசாரித்துவிட்டுப் போவார். அந்த அறையைவிட்டு வெளியேறிய நாளில் டீச்சர் ஒரு சபதம் எடுத்தார்: இனி நான் படுக்கிற இடத்தின் வழியாக அடுத்தவர் ஒருவரும் கழிப்பறைக்குப் போகக் கூடாது. சொந்தமாக வாங்கிய ஃபிளாட்டில் அதைக் காப்பாற்றினார். ஃபிளாட்டை இரண்டு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வண்டி ஏறிய பிறகும் காப்பாற்றினார். இந்த வண்டியும் போனால் வேறு போக்கிடம் கிடையாது.

"நான் வரலை" என்றார்.

"எங்கே?"

"பின்னறைக்கு."

"அதுக்காக? கழிப்பறை இல்லாத வண்டியில குடித்தனம் பண்ண முடியுமா? நடைமுறையா யோசி, டீச்சர்."

"தொட்டியை நான் சரிபண்றேன்."

"அண்ணன் வர்றதுக்குள்ளயா?"

"அவர் வர்றதுக்குள்ள. அவர் முன்னாடியே தொட்டி காலின்னு காட்டினா, வண்டி இருக்கும். காட்ட முடியலைன்னா, நானே பெட்டியைக் கட்டிக்கிட்டு அவர் கார்ல ஏறிடறேன். சம்மதமா?"

கேப்டன் சம்மதித்தார். தோற்பது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பக்கத்து வண்டியில் இருந்தவர் பியூட்டி பார்லர் என்ற அழகுக்கடை வைத்திருந்த ஒரு அம்மா. கடையை மகளிடம் விட்டுவிட்டு, கணவரோடும் இரண்டு நாய்களோடும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"வெளியில இருக்கிற வால்வு மூடியிருக்கா, திறந்திருக்கா?"

வண்டி நிற்கும் இடத்திலேயே தரையில் ஒரு சாக்கடைத் துளை உண்டு. தொட்டியிலிருந்து ஒரு பருத்த குழாய் அதற்குள் போகிறது. நடுவில் இழுத்துத் திறக்கும் வால்வு. டீச்சர் கேப்டனைப் பார்த்தார்.

"திறந்துதான் வச்சிருக்கேன்" என்றார் கேப்டன் பெருமையாக. "வந்த அன்னைக்கே திறந்துட்டேன். அடைச்சு வைக்கிறதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். எதுவானாலும் சுதந்திரமா ஓடணும்."

"தண்ணி சுதந்திரமா ஓடிப்போச்சு சார். மத்தது போகலை" என்றார் அழகுக்கடை அம்மா. "மூடி வச்சு, நிறைய விட்டு, ஒரே அடியா திறந்தாத்தான் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும். இப்ப உள்ள மலை நிக்குது."

டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிறையும் என்று ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் கேள்வி எழுதிப்போட்டவர் அவர். 'எந்த மடையன், டீச்சர், ரெண்டையும் திறந்து வைப்பான்?' என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவன் கேட்பான். அவனை வெளியே நிறுத்துவார். அந்த மடையனோடுதான் இத்தனை காலமும் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்பது இன்றுதான் விளங்கியது.

"ஒவ்வொரு தடவையும் தண்ணி எவ்வளவு ஊத்துவீங்க?" என்றார் அழகுக்கடை அம்மா.

இந்தக் கேள்விக்கு டீச்சர் தயாராக இல்லை. மூன்றாவது மாடியில், குழாயில் தண்ணீர் சொட்டினாலே திருவிழா என்றிருந்த வீட்டில் பழகிய கை அது. உள்ளே போய் ஒரு சின்னக் குவளையை எடுத்துவந்து காட்டினார்.

"இதுலயா?"

"இதுல பாதி."

"அய்யோ டீச்சர்! இது பூச்செடிக்கே பத்தாதே!"

கேப்டனின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "நான் சொல்லலை? கொஞ்சம் தாராளமா ஊத்துன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!" ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"சரி, மலையை ரெண்டு பேருமாத்தான் கட்டியிருக்கோம்" என்றார் டீச்சர். "ரெண்டு பேருமா இடிப்போம். கையுறையைப் போடுங்க."

"எங்க வீட்டுக்காரர் அந்தக் காலத்துல கம்பியை விட்டுக் குத்தினார்" என்றார் அழகுக்கடை அம்மா. "தொட்டியில ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். குத்தாதீங்க. ஊற வைங்க. தண்ணிதான் மருந்து."

அவரிடம் முனையில் பீச்சும் தலை உள்ள நீண்ட குழாய் ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி, வால்வை மூடிவிட்டு, டீச்சர் வேலையைத் தொடங்கினார். முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் இறங்குவதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, குழாயின் பீச்சு, மறுபடியும் காத்திருப்பு. நாற்றத்தைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. நாய்கள் இரண்டும் இடத்தைக் காலி செய்தன என்பது போதும். கேப்டன் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, பனிக்கட்டி போட்டால் போகும், சமையல் சோடா போட்டால் போகும் என்று போனில் பார்த்ததையெல்லாம் படித்துக் காட்டினார்.

"படிச்சது போதும். வாளியைத் தூக்குங்க" என்றார் டீச்சர்.

பொழுது சாயும்போது தொட்டி கழுத்துவரை தண்ணீர் குடித்திருந்தது. அதை அப்படியே ஊறவிட்டார்கள். அன்று இரவு முகாமின் பொதுக் கழிப்பறைக்கு ஆளுக்கொரு டார்ச்சோடு நடந்தார்கள்.

மறுநாள் காலையில் டீச்சர் சாக்கடைக் குழாயைக் கழற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார். முகாமுக்குப் பின்னால் லாரிகள் போய்ப் போய்ச் சீரழிந்த ஒரு மண்சாலை இருந்தது. பள்ளத்தைக் கண்டால் விலகுவதுதான் ஓட்டுநருக்கு லட்சணம். உள்ளே நிற்கும் மலை குலுங்கிக் கரையட்டும் என்று டீச்சர் பள்ளத்தைத் தேடித் தேடிப் போய் இறக்கினார். திடீரென்று பிரேக் போட்டார். வண்டியின் வயிற்றில் தண்ணீர் முன்னும் பின்னும் மோதும் சத்தம் கேட்டது. தட்டுகள் அலமாரியில் அலறின. கேப்டன் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தையும் அண்ணனையும் மாறி மாறிக் கூப்பிட்டார்.

திரும்பிவந்து குழாயை மாட்டி வால்வை இழுத்தார்கள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பருத்த குழாய் உயிர் வந்தது போல் துள்ளியது. கேப்டன் அதைக் காலால் மிதித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் திருப்பிக்கொள்ளவில்லை. குழாயின் நடுவில் கண்ணாடி போன்ற ஒரு துண்டு உண்டு. எது போகிறது, எது போகவில்லை என்று அதில் தெரியும். குனிந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்வை மூடிக்கொண்டிருந்தபோது அத்தானின் கார் வந்து நின்றது.

அத்தான் எடை அளவுத் துறையில் துணை இயக்குநராக இருந்தவர். தராசுகளையும் மீட்டர்களையும் முத்திரை குத்திக் குத்தி, பேசும்போதுகூட ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் முத்திரை குத்துவது போல் தலையை ஆட்டுவார். தம்பியின் தோளைத் தட்டினார், டீச்சரின் கையுறையைப் பார்த்து ஒரு எட்டுப் பின்வாங்கினார், பிறகு நேராக வண்டிக்குள் ஏறி மீட்டரின் பொத்தானை அமுக்கினார். விளக்குகள் எல்லாம் எரிந்தன.

"முழுசு" என்றார். தலை ஆடியது.

"இப்பத்தான் திறந்து விட்டோம், அத்தான்."

"மீட்டர் முழுசுன்னு சொல்லுதும்மா."

"அது வாங்கின ரெண்டாவது வாரத்துலேர்ந்து அப்படித்தான் சொல்லுது. உள்ள இருக்கிற சென்சார்ல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக்கிட்டாலும் முழுசுன்னு சொல்லும்."

"பாரும்மா, மீட்டர்ங்கிறது சாட்சி மாதிரி. அதுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. நீ சொல்ற, மீட்டர் சொல்லுது. நான் எதை நம்பணும்?"

"வாளியை நம்புங்க."

"எந்த வாளி?"

"இந்தத் தொட்டி பன்னிரண்டு வாளி கொள்ளும். காலியா இருந்தா பன்னிரண்டும் உள்ள போகணும். உள்ள எதாவது உக்காந்திருந்தா, அது போக மிச்சம்தான் போகும். ஊத்திப் பாத்துடலாம். நீங்களே எண்ணுங்க."

அத்தான் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாளியைக் காட்டு" என்றார். ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவரிடம் எதையும் அளக்கச் சொன்னதில்லை. வாளியைத் தரையில் வைத்து, தரை மட்டமில்லை என்று நகர்த்தி, தண்ணீர் வாளியின் அளவுக் கோட்டைத் தொடுகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். "ஒரு மடக்கு குறையுது. ஊத்து. ம். போதும். ஒண்ணு!"

கேப்டன் வாளியைச் சுமந்தார், டீச்சர் கழிப்பறை வழியாகத் தொட்டிக்குள் ஊற்றினார், அத்தான் எண்ணினார். ஐந்துவரை மடமடவென்று இறங்கியது. ஆறு மெதுவாக இறங்கியது. ஏழாவது வாளியில் தண்ணீர் கழுத்தில் வந்து நின்றது.

"ஏழு" என்றார் அத்தான். குரலில் வருத்தமும் இருந்தது, வெற்றியும் இருந்தது; வெற்றி கொஞ்சம் கூடுதல். "பன்னிரண்டுல ஏழு போனா அஞ்சு. அஞ்சு வாளி கெட்டிச் சரக்கு உள்ள இருக்கு. விடும்மா. முயற்சி பண்ணினே, பாராட்டறேன். வீட்டுல என் சம்சாரம் சாப்பாடு எடுத்து வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கா."

கேப்டன் உள்ளே போய்த் தன் பையை எடுத்துவந்து அண்ணன் காரின் பின்பக்கத்தில் வைத்தார். திரும்பி டீச்சரைப் பார்க்கவில்லை.

டீச்சர் படியில் நின்றபடியே அந்தப் பையைப் பார்த்தார். கட்டிலைச் சுற்றிப் போகும் செருப்புச் சத்தம் காதில் கேட்டது.

"அத்தான், நேத்து இதுல ஒரு சொம்புத் தண்ணிகூட இறங்கலை" என்றார். "இன்னைக்கு ஏழு வாளி இறங்கியிருக்கு. நேத்து சைபர் வாங்கின பையன் இன்னைக்கு ஏழு வாங்கினா, நான் அவனை ஃபெயில் போட மாட்டேன். இன்னொரு பரீட்சை வைப்பேன்."

"எனக்கு நேரமாகுதும்மா."

"காலின்னு காட்டறேன்னுதான் பேச்சு. எத்தனை தடவையிலன்னு பேச்சு இல்லை." கேப்டனைப் பார்த்துக் கேட்டார்: "உண்டா?"

கேப்டன் கார்க் கதவைப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இல்லைதான்" என்றார் மெல்ல.

"அப்ப ஏறுங்க. தண்ணி உள்ள இருக்கும்போதே குலுக்கணும். அத்தான், நீங்க நிழல்ல உக்காருங்க."

"நான் இல்லாம எப்படி? நடுவுல வாளி ஏதாவது மாறிட்டா?" என்று அத்தானும் ஏறிக்கொண்டார். சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து, பயணம் என்பது இளைஞர்களுக்கானது, இந்த வயதில் மனிதனுக்கு நிலையான கூரை வேண்டும் என்று ஒரு உரையைத் தொடங்கினார். மண்சாலை அதைத் துண்டு துண்டாக வெட்டியது.

"நான் அப்பவே சொன்... சொன்னேன், இந்த வண்டியெல்லாம் நம்ம... மெதுவாம்மா!... நம்ம குடும்பத்துக்கு... அம்மா!"

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க அத்தான், இன்னொரு பள்ளம் இருக்கு."

முன் இருக்கையில் கேப்டன் இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. "அதோ, இடது பக்கம் பெருசா ஒண்ணு" என்றார். முதல் தடவையாக அவர் சொன்ன வழியில் டீச்சர் ஓட்டினார்.

திரும்பி வந்து மறுபடியும் குழாயை மாட்டி வால்வை இழுத்தபோது அது எகிறியது. கண்ணாடித் துண்டில் கொஞ்ச நேரம் கறுப்பாக எதுவோ முட்டி நின்றது. டீச்சர் குழாயைத் தட்டிக் கொடுத்தார். அது அசைந்தது, நகர்ந்தது, போயே போய்விட்டது. பின்னாலேயே பாறை சரிவது போல் ஒரு சத்தம். அழகுக்கடை அம்மா தன் வண்டி ஜன்னலைத் திறந்து, "போச்சா?" என்று கத்தினார். கேப்டன், "போய்க்கிட்டே இருக்கு!" என்று கத்தினார். தொப்பியைக் காணவில்லை, எந்தப் பள்ளத்திலோ விழுந்திருக்க வேண்டும். பீச்சுக்குழாயை உள்ளே விட்டு, வெளியே வரும் தண்ணீர் நிறம் மாறும்வரை டீச்சர் அலசினார். பிறகு வால்வை மூடினார்கள்.

"வாளி" என்றார் அத்தான். சட்டை கசங்கி, முடி கலைந்திருந்தது. ஆனாலும் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ஏழு, தங்குதடையில்லாமல். எட்டு. ஒன்பது. பத்தாவது வாளியைக் கேப்டன் ஓடிப் போய் எடுத்துவந்தார். பதினொன்று. பன்னிரண்டாவது வாளியை டீச்சர் நூல் மாதிரி மெல்லச் சாய்த்தார். வாளி காலியாகும்போது தண்ணீர் கழுத்துக்கு வந்து, பளிங்கு போல் நின்றது.

"பன்னிரண்டு" என்றார் அத்தான்.

அத்தான் எழுந்துபோய் மீட்டரின் பொத்தானை அமுக்கினார். விளக்குகள் எல்லாம் எரிந்தன.

"முழுசு! பாத்தியா? பன்னிரண்டு வாளி ஊத்தியிருக்கோம், முழுசுன்னு சொல்லுது. மீட்டர் சரியாத்தான் வேலை செய்யுது. நான் அப்பவே சொன்னேனே!"

டீச்சர் வாயைத் திறந்தார். ஆயுள் முழுக்கத் தப்பான விடைகளைச் சிவப்பு மையால் சுழித்த கை துடித்தது. பின்னறையை ஒரு தரம் நினைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், அத்தான்."

"கொள்ளளவுச் சோதனைதான் இதுக்கெல்லாம் ஆதாரம். அதான் வந்ததுமே வாளியைக் கொண்டாங்கன்னேன்" என்று தம்பிக்கு விளக்கினார். பிறகு குரல் இறங்கியது. "இருந்தாலும் பின்னறையைக் காலி பண்ணிட்டேனே. நாலு நாள் வந்து இருந்துட்டுப் போங்க."

"வர்றோம், அத்தான்" என்றார் டீச்சர் உடனே. "எங்க வண்டியிலயே வர்றோம். உங்க வாசல்ல நிறுத்திக்கிறோம். படுக்கை, குளியல், டாய்லெட் எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொட்டியைத் திறக்கறதுக்கு மட்டும் உங்க வாசல் சாக்கடை மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தா போதும்."

அத்தானின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டு நீதிபதி, பக்கத்துவீட்டுச் சங்கத் தலைவர், நடுவில் துள்ளும் பருத்த குழாய் எல்லாம் ஒரே சமயத்தில் அவர் கண்முன் வந்துபோயின.

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்? பயணம் கிளம்பினா முழுசாப் போய்ப் பாக்கணும். பாதியில திரும்பக் கூடாது. நானே சொல்லணும்னு இருந்தேன்."

அத்தான் காரில் போய் உட்கார்ந்து அதைக் கிளப்பினார். கேப்டன் ஓடிப் போய்ப் பின்பக்கத்தைத் தட்டினார். "அண்ணா, பை! என் பை!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தவர், டீச்சர் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். கடைசியில், "தொட்டி நிறைய தண்ணி இருக்கே" என்றார்.

"இருக்கு."

"திறந்து விட்டுடறேன்." பையைப் படியில் வைத்துவிட்டு வண்டியின் பக்கவாட்டுக்குப் போனார். தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது, அடங்கியது. டீச்சர் காத்திருந்தார். வால்வு மூடும் சத்தம் கேட்டது. இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவை அழுத்தி மூடும் சத்தமும் கேட்டது.

டீச்சர் உள்ளே போய் மிதியை அழுத்தி, மறுபடியும் மலை சேராதபடி அடியில் நிற்கட்டும் என்று ஒரு முழு வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். ஊற்றும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார்.